1 நிமிடம் 57 விநாடி

சித்தி மகன் தன் புது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தது மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கத்திரி உச்சத்தில் இருந்தது. மதுரையில் மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், மூன்று மணிக்கு ஃபேன் போட்டால் காற்று வராது, அனல்தான் இறங்கும். அவனுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். ஒரு வருடமாகச் சித்தப்பாவை நச்சரித்து வாங்கியது. 13-வது தலைமுறை ஐ7 ப்ராசஸர், 14 கோர், 20 த்ரெட்; அதாவது உள்ளே 14 மூளை, ஒரே நேரத்தில் 20 வேலை.

“உங்க டப்பா எத்தனை கோர்க்கா?”

“ஆறு.”

“ஆறா...” என்று இழுத்தான். அந்த இழுப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

ஏதோ ஒரு பெஞ்ச்மார்க் செயலியை ஓட்டி, அதில் வந்த ஐந்து இலக்க எண்ணை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தான். பெருமையாகக் காட்டினான்.

“நல்ல மார்க்தான். எந்தப் பாடத்துல?” என்றேன்.

பதில் இல்லை. எனக்கும் அந்த எண்ணுக்கும் இருக்கிற சண்டை அதுதான். என்ன வேலை செய்து வாங்கிய மார்க் என்று தெரியாமல் அதை வைத்து என்ன செய்வது? சின்னச் சின்னப் பெட்டிகளுக்குள் லினக்ஸ் ஏற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. எழுதிய நிரலைக் கணினிக்குப் புரிகிற மாதிரி மாற்றும் கம்பைல் எப்போது முடியும் என்று திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதில்தான் என் ஆயுளில் பாதி போகிறது. அதனால் எந்தக் கணினியைப் பார்த்தாலும் எனக்கு ஒரே கேள்வி: லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் இதில் கம்பைல் ஆக எத்தனை நிமிடம்?

இது என் கிறுக்கு மட்டும் இல்லை. 2020 மே மாதம், 15 வருடங்களுக்குப் பிறகு இன்டெல்லை விட்டு ஏஎம்டிக்கு மாறியபோது, லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் சொன்னதும் இதே கணக்குதான். ஏஎம்டியின் 32 கோர் த்ரெட்ரிப்பர் ப்ராசஸர் வந்தபின் அவருடைய முழுக் கட்டமைப்புச் சோதனை கம்பைல் மூன்று மடங்கு வேகமாக முடிகிறதாம். எந்தச் செயலியின் மார்க்கையும் அவர் சொல்லவில்லை. அதற்கும் முன்னால், 2002-ல், ஐபிஎம்மில் இருந்த ஆன்டன் பிளான்சர்ட் 32 ப்ராசஸர் பவர்4 இயந்திரத்தில் ஒரு கர்னலை 7.52 விநாடியில் கம்பைல் செய்து காட்டினார். அந்தக் காலத்தில் ஹாஸ்டலில் எங்களுக்கெல்லாம் அது ஒரு சாப்பாட்டு நேரத்து வேலை. கம்பைலை நடத்தும் மேக் கட்டளையைத் தட்டிவிட்டு மெஸ்ஸுக்குப் போய்விடுவோம்.

தம்பிக்கு இதையெல்லாம் சொன்னேன். “அப்ப ஓட்டிப் பாத்துருவோம்க்கா. உங்கத விட மூணு மடங்கு வேகமா முடியும், பெட்டு” என்றான். பந்தயம் பன் பரோட்டா.

போட்டி என்றால் இரண்டு பக்கமும் ஒரே கேள்வித்தாள் வேண்டும். கம்பைல் பந்தயத்தில் ஏமாறுவது அங்கேதான். கர்னல் பதிப்பு மாறினால் வேலையின் அளவே மாறிவிடும். 1994-ல் வந்த 1.0 கர்னலில் 1,76,250 வரிகள். இன்றைக்கு மூன்று கோடியைத் தாண்டிவிட்டது. கர்னலில் எதையெல்லாம் சேர்ப்பது என்ற கட்டமைப்பு மாறினாலும் அப்படியே. டெஃப்கான்ஃபிக் என்றால் ஒரு சாதாரணக் கணினிக்கு வேண்டியவை, ஆல்மாட்கான்ஃபிக் என்றால் கர்னலுக்குள் இருக்கிற கிட்டத்தட்ட எல்லா டிரைவரும். இரண்டுக்கும் நடுவில் பல மடங்கு வித்தியாசம். கம்பைல் செய்யும் கருவியான ஜிசிசியின் பதிப்பு மாறினாலும் நேரம் மாறும். ஆகவே என்னிடம் ஒரு பழைய எஸ்எஸ்டி இருக்கிறது, யுஎஸ்பி உறையில் போட்டது. அதில் ஒரு உபுண்டு, ஒரு ஜிசிசி, ஃப்ளெக்ஸ், பைசன் முதலிய துணைக் கருவிகள், 6.6 கர்னலின் மூல நிரல். எந்தக் கணினியைச் சோதிப்பதாக இருந்தாலும் அதைச் சொருகி, அதிலிருந்தே பூட் செய்வேன். மூலத்தை டிஎம்பிஎஃப்எஸ்ஸில், அதாவது ரேமிலேயே, விரித்துக்கொண்டால் டிஸ்க்கின் வேகம் கணக்கில் வராது. ஒரு சின்ன அடைவை மட்டும் முதலில் கம்பைல் செய்தால் ஜிசிசி ரேமுக்குள் வந்துவிடும். பிறகு பத்து நிமிடம் ஆறவிட்டு, ஐந்து ஓட்டம். ஐந்தையும் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்வேன். சராசரி எடுக்க மாட்டேன்.

பழைய கம்பைல் முடிவுகளைச் சேமித்து வைக்கும் சிகேஷ் அணைந்திருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டும். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், புது பில்டு சர்வரில் முழு கம்பைலும் 14 விநாடியில் முடிந்தது என்று நான் குழு முழுவதுக்கும் மெயில் போட்டேன். ஏற்கெனவே கம்பைல் ஆன கோப்புகளைச் சிகேஷ் எடுத்து நீட்டிக்கொண்டிருந்தது என்று மத்தியானம்தான் தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு அங்கே என் பெயர் பதினாலு.

முதலில் என் டப்பா. 2022-ல் பாகம் பாகமாக வாங்கி நானே பொருத்தியது. ரைசன் 5 5600ஜி, ஆறு கோர், 12 த்ரெட், 16 ஜிபி ரேம். மேக் -ஜே1, அதாவது ஒரு நேரத்தில் ஒரே வேலை: 12 நிமிடம் 40 விநாடி. அந்த 12 நிமிடத்தில் தம்பிக்குப் பொறுமை போய், ஃபிரிட்ஜில் இருந்த நன்னாரி சர்பத்தைக் காலி செய்துவிட்டான். -ஜே6: 2 நிமிடம் 30. -ஜே12: 1 நிமிடம் 57. -ஜே24: 1 நிமிடம் 58.

“இருபத்துநாலு போட்டும் ஏன்க்கா குறையல?”

இருப்பது 12 த்ரெட். வரிசையில் கூட ஆள் நிறுத்தினால் கவுன்டர் கூடிவிடாது. மேக் உள்ளே செய்வதும் ரேஷன் கடை வேலைதான். டோக்கன் என்பது மேக்கை எழுதியவர்களே வைத்த பெயர். -ஜே12 என்றால் ஒரு பைப்பில் 11 டோக்கன், ஆளுக்கு ஒரு பைட், போட்டு வைக்கிறது. உள்ளே பிறக்கும் ஒவ்வொரு துணை மேக்குக்கும் ஒரு வேலை இலவசம். அதற்கு மேல் தொடங்க வேண்டுமென்றால் பைப்பிலிருந்து ஒரு டோக்கன் எடுக்க வேண்டும், முடிந்ததும் திரும்பப் போட வேண்டும். கர்னலுக்குள் எத்தனை அடைவு, எத்தனை துணை மேக் இருந்தாலும் மொத்தக் கூட்டம் 12-ஐத் தாண்டாது. கோர் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிப் போடு என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். ஒருவர் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும்போது இன்னொருவர் உள்ளே நுழைவதற்காக. எல்லாம் ரேமில் இருக்கும்போது அந்த ஒன்றுக்கு வேலை இல்லை.

உண்மையான விஷயம் டைம் கட்டளை காட்டும் மற்ற இரண்டு வரிகளில் இருக்கிறது. பெரும்பாலோர் ரியல் என்ற முதல் வரியோடு, அதாவது கடிகார நேரத்தோடு, நிறுத்திவிடுவார்கள். மற்ற இரண்டும் எல்லாத் த்ரெட்டும் உழைத்த நேரத்தின் கூட்டல்: யூசர் என்பது ஜிசிசி போன்ற நிரல்களின் கணக்கு, சிஸ் என்பது கர்னலின் கணக்கு. -ஜே1-ல் யூசர் 11 நிமிடம் 10 விநாடி, சிஸ் 1 நிமிடம் 25. -ஜே12-ல் யூசர் 18 நிமிடம் 55! அதே கோப்புகள், அதே ஜிசிசி, ஒரு வரிகூட அதிகம் இல்லை. பிறகு எப்படிக் கிட்டத்தட்ட எட்டு நிமிடம் கூடியது? ஒரு கோருக்குள் இரண்டு த்ரெட் என்பது ஓர் அடுப்பில் இரண்டு பேர் சமைப்பது மாதிரி. ஒருவர் தாளிக்கும் வரை மற்றவர் கரண்டியோடு நிற்க வேண்டும், ஆனால் இருவரும் அடுப்படியில் இருந்த நேரம் இருவர் கணக்கிலும் ஏறும். ஆறு வேலையிலிருந்து 12-க்குப் போனபோது எனக்கு லாபம் 33 விநாடி. விளம்பரத்தில் போடும் த்ரெட் எண்ணிக்கை நிஜத்தில் எவ்வளவு பெறும் என்பதை இந்த 33 விநாடி மாதிரி எதுவும் எனக்குச் சொன்னதில்லை.

கடைசிக் கட்டத்தையும் அவனுக்குக் காட்டினேன். டெர்மினலில் சிசி, சிசி, சிசி என்று அருவி மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது திடீரென்று சொட்ட ஆரம்பிக்கும். எல்லாத் துண்டுகளையும் ஒன்றாக இணைக்கும் லிங்க், குறியீட்டு அட்டவணை, கடைசியில் எல்லாவற்றையும் சுருக்கிக் கட்டும் பிஇசட்இமேஜ் என்ற கோப்பு. இவை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும். அந்தச் சில விநாடிகள் எத்தனை கோர் இருந்தாலும் ஒன்றுதான் வேலை செய்யும், மற்றதெல்லாம் வேடிக்கை பார்க்கும். 1967-ல் ஜீன் அம்டால் எழுதிவைத்தது இதைத்தான். பிரிக்க முடியாத பங்கு எவ்வளவோ அதற்குக் கீழே மொத்த நேரம் இறங்காது. கம்பைல் ஒரு முறை ஓடும்போது அது கண்ணெதிரே தெரியும், புத்தகத்தில் இருக்கிற வளைகோடு தேவையில்லை.

இப்போது அவன் முறை.

விண்டோஸ் உள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் இருக்கிறது, அதிலேயே ஓட்டலாம் என்று அடம்பிடித்தான். சரி என்று விட்டேன். மூலத்தை சி டிரைவில் விரித்து, லினக்ஸ் பக்கத்திலிருந்து அதைத் தொட்டான். சர்பத்தும் தீர்ந்துவிட்டது, பத்து நிமிடம் ஆகியும் முடியவில்லை. ஒவ்வொரு சி கோப்பும் நூற்றுக்கணக்கான தலைப்புக் கோப்புகளைத் திறக்கும். டபிள்யூஎஸ்எல் 2-ல் அந்த ஒவ்வொரு திறப்பும் எல்லை தாண்டி விண்டோஸிடம் போய் அனுமதி கேட்டு வர வேண்டும். ப்ராசஸர் பாவம் சும்மா இருந்தது. “இது செல்லாதுக்கா” என்று அவனே அழித்துவிட்டான். அதற்குப் பிறகுதான் என் எஸ்எஸ்டி உள்ளே போனது.

லேப்டாப்பை மெத்தை மேல் வைத்தான். வழக்கமாக அப்படித்தான் வைப்பானாம். நான் வாயைத் திறக்கவில்லை.

-ஜே20. முதல் ஓட்டம், 1 நிமிடம் 19. துள்ளிக் குதித்தான். இரண்டாவது, 1 நிமிடம் 47. மூன்றாவது, 2:12. நான்காவது, 2:20. ஐந்தாவது, 2:19. நடுவில் இருப்பது 2:12. என்னுடைய டப்பாவின் ஐந்து ஓட்டங்களும் 1:57-க்கும் 1:58-க்கும் நடுவில் அடங்கியிருந்தன.

முகம் தொங்கிப்போனது. ப்ராசஸரின் வேகத்தையும் வாட்டையும் காட்டும் டர்போஸ்டாட்டைத் திறந்து காட்டினேன். (அதுவும் கர்னல் மூலத்துக்குள்ளேயே கிடக்கும் கருவிதான்.) இந்த வகை ப்ராசஸருக்கு இன்டெல் போட்டிருக்கும் அடிப்படை மின்சக்தி 45 வாட், உச்சம் 115 வாட். கொஞ்ச நேரத்துக்கு மட்டும் உச்சத்தில் பாயலாம், பிறகு இறங்கிவிட வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் முடிகிற சோதனை எதுவானாலும் பிரமாதமான மார்க் வரும். அவன் ஸ்க்ரீன்ஷாட்டில் இருந்தது அந்த மார்க். ஒரு நிமிடத்தைத் தாண்டி ஓடும் கம்பைல், அதுவும் தொடர்ந்து ஐந்து முறை, அந்தச் சலுகையைத் தின்று முடித்துவிடும். அதற்கு மேல் மெத்தை காற்றுத் துளைகளை அடைத்துவிட்டது, அறையோ கத்திரி வெயிலில் கொதிக்கிறது. இதே லேப்டாப் டிசம்பரில் வேறு எண் காட்டும்.

இருபது த்ரெட்டும் ஒரே ஜாதி இல்லை என்பதும் அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரிய கோர் ஆறு, ஒவ்வொன்றிலும் இரண்டு த்ரெட்; சின்ன கோர் எட்டு, ஒவ்வொன்றிலும் ஒன்று. ஆக 20. பெட்டியின் மேல் ஸ்டிக்கரில் 14 கோர் என்றுதான் இருந்தது, பெரிசு சிறிசு போடவில்லை.

மேல்முறையீடு செய்தான். “மெத்தைய எடுத்துட்டு ஓட்டணும்க்கா, இது ஃபவுல்.” நியாயம்தான். மேசைமேல் வைத்து, அடியில் எதையாவது கொடுத்துத் தூக்க வேண்டும். அடுக்களைக்குப் போய்த் தேடி இட்லித் தட்டைக் கொண்டுவந்தான். சித்தி போன வாரம் மாவோடு கொடுத்தனுப்பியது. துளையும் இருக்கிறது, உயரமும் இருக்கிறது. நான் இத்தனை வருடத்தில் பார்த்ததிலேயே சிறந்த கூலிங் பேட்.

1:22, 1:36, 1:44, 1:46, 1:45. நடு எண் 1:44. என்னை 13 விநாடியில் ஜெயித்துவிட்டான். மூன்று மடங்கு என்ற பேச்சை இருவரும் எடுக்கவில்லை. பில்லில் பாதிப் பாதி என்று முடிவானது.

ஆனாலும் கை சும்மா இருக்குமா. “எண்ணே போடாம வெறும் ஜேன்னு குடுத்தா என்னக்கா ஆகும்?” என்று கேட்டுக்கொண்டே என்டரைத் தட்டிவிட்டான். டோக்கனே கிடையாது என்று அர்த்தம். கதவைத் திறந்துவிட்ட கல்யாண மண்டபப் பந்தி மாதிரி நூற்றுக்கணக்கில் ஜிசிசி உள்ளே பாய்ந்தது. வரிசையில் நிற்கும் வேலைகளைக் காட்டும் லோடு ஆவரேஜ் மூன்று இலக்கத்துக்குப் போனதைப் பார்த்தோம். பிறகு எதையும் பார்க்க முடியவில்லை, மவுஸ் அம்புகூட நின்றுவிட்டது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தான்.

அந்த வெறும் ஜேவையும் ஒரு சோதனையாக வைத்தவர் உண்டு. கான் கொலிவாஸ், ஆஸ்திரேலியாவில் மயக்க மருந்து நிபுணர். ஆளைத் தூங்கவைப்பது தொழில், கணினி தூங்கிவிடாமல் பார்ப்பது பொழுதுபோக்கு. அவருடைய கெர்ன்பெஞ்ச் ஸ்கிரிப்ட் கர்னலை மூன்று விதமாகக் கம்பைல் செய்யும்: ப்ராசஸர் எண்ணிக்கையில் பாதி, நான்கு மடங்கு, பிறகு வரம்பே இல்லாமல். எந்த வேலைக்கு எப்போது ப்ராசஸர் என்று பங்கிடும் ஷெட்யூலர் நல்லதா கெட்டதா என்று மூன்றாவதில் வெளுத்துவிடும். இதே கதையின் இன்னொரு கிளை 2010-ல் மைக் கால்பிரைத் எழுதிய ஆட்டோகுரூப். கிட்டத்தட்ட 200 வரி, 2.6.38 கர்னலில் சேர்ந்தது. ஒரு டெர்மினலில் 64 ஜிசிசி ஓடினாலும் அவை அத்தனையும் சேர்ந்து ஒரு பங்குதான், பக்கத்தில் ஓடும் வீடியோவுக்கும் ஒரு பங்கு. தம்பி -ஜே20 ஓடும்போதே பழைய ஐபிஎல் மேட்ச் ஒன்றைத் தடங்கலில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது அந்த 200 வரியின் புண்ணியத்தில்.

நினைவக விஷயத்தில் சி++ இதைவிட மோசம். எல்எல்விஎம் மாதிரி ஒரு பெரிய கம்பைலர் தொகுப்பைக் கட்டும்போது கம்பைல்கூடப் பரவாயில்லை, ஒரே நேரத்தில் பத்து லிங்க் ஓடினால் ரேம் தீர்ந்து, டிஸ்க்கை ரேமாகப் பயன்படுத்தும் ஸ்வாப் ஆரம்பித்துவிடும். லிங்க் வேலைகளுக்கு மட்டும் தனி வரம்பு வைக்க அவர்களே ஓர் அமைப்பு வைத்திருக்கிறார்கள். கோரை எண்ணிக் கணினி வாங்கி, ரேமில் கஞ்சம் பிடித்த ஓர் அலுவலகத்தில் நான் மாட்டியிருக்கிறேன். புது இயந்திரம் பழையதைவிட மெதுவாக இருந்தது. கோர்கள் எல்லாம் ஸ்வாப்புக்காகக் காத்திருந்தன.

பரோட்டாக் கடைக்கு நடந்து போகும்போது அவனுக்கு ஹாஸ்டல் கதை ஒன்று சொன்னேன். நாலு பேர் காசு போட்டுச் சேர்த்த அசெம்பிள்ட் பிசி. விண்டோஸ் நன்றாக ஓடும், பாட்டு ஓடும், கேம் ஓடும். கர்னல் கம்பைல் செய்தால் மட்டும் நடுவழியில் ஜிசிசி செத்துவிடும், சிக்னல் 11; தொடக்கூடாத நினைவக இடத்தைத் தொட்டால் வருவது. கம்பைலரில் பிழை என்று இரண்டு நாள் ஜிசிசியை மாற்றி மாற்றிப் போட்டோம். மூன்றாம் நாள் ஒரு சீனியர் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஒவ்வொரு தடவையும் அதே ஃபைல்ல நிக்குதா, வேற வேற ஃபைல்லயா?” வேறு வேறு. “அப்ப ரேம்.” கழற்றி, பென்சில் ரப்பரை எடுத்து ரேமின் தங்கப் பற்களைத் தேய்த்து மாட்டிக்கொடுத்தார். ஓடியது. ஜிசிசி நினைவகம் முழுக்கச் சுட்டிகளாக, அதாவது இன்னொரு இடத்தைக் காட்டும் முகவரிகளாக, பின்னி வைக்கும். எங்காவது ஒரு பிட் புரண்டால் சுட்டி எங்கோ காட்டில் போய் நிற்கும், உடனே சிக்னல் 11. பாட்டில் ஒரு பிட் புரண்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

2017-லும் இதேதான் நடந்தது. முதல் தலைமுறை ரைசன் வாங்கியவர்கள் சிலர், இணையாகப் பல வேலை ஓட்டும்போது மட்டும் ஜிசிசி செத்துப்போவதைக் கவனித்தார்கள். ஜிசிசியையே திரும்பத் திரும்பக் கம்பைல் செய்யும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி, ரைசனைக் கொல்லும் ஸ்கிரிப்ட் என்று பெயரும் வைத்தார்கள். அந்த ஆகஸ்டில் ஏஎம்டி பிரச்சினையை ஒப்புக்கொண்டது, முறையிட்டவர்களுக்கு மாற்று ப்ராசஸர் கொடுத்தது. அதனால்தான் புதிதாக எதை வாங்கினாலும் முதல் இரவு முழுக்கக் கம்பைலைச் சுழலவிட்டுத் தூங்கப்போவேன். காலையில் எழுந்து பார்க்கும்போது நேரத்தைவிட, ஒரு முறையாவது செத்ததா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

“அப்ப கேம் ஓடுறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்காக்கா?” இரண்டாவது பன் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்.

இல்லை. கம்பைல் தசமக் கணக்குப் பெரிதாகப் போடாது, கிராஃபிக்ஸ் கார்டைத் தொடவே தொடாது. அவன் அந்த லேப்டாப்பை வாங்கியது கேமுக்காகத்தான் என்பது எனக்கு முதலிலேயே தெரியும். பந்தயம் முடிகிற வரை நான் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை 5:10-க்கு வாட்ஸாப். “1:17, 1:25, 1:31, 1:33, 1:32. மொட்டைமாடி, இட்லித் தட்டு.” கூடவே டர்போஸ்டாட்டின் படம். ஏழு மணிக்குச் சித்தி ஃபோன் செய்தார். “ஏண்டி, உனக்குக் குடுத்த இட்லித் தட்ட எதுக்குடி அவன்கிட்டத் திருப்பிக் குடுத்துவிட்ட? அதுவும் சூடா இருக்கு.”